நாள்பட்ட நரம்பு நோயால் கால் பலவீனமானால் நடப்பது எப்படி இருக்கும்? அன்றாட வாழ்க்கை எவ்வளவு மாறும்?

எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "எவ்வளவு தூரம் நடப்பீர்கள்?" என்பதுதான். மெதுவாகப் போனால் இரண்டு கிலோமீட்டர்கூட நடந்துவிடுவேன். ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நிற்கச் சொன்னால்தான் தவித்துப்போகிறேன்.

எனக்கு இருப்பது சார்கோ-மேரி-டூத் நோய். 1886இல் இதை விவரித்த மூன்று மருத்துவர்களின் பெயர்கள் சேர்ந்த பெயர் அது. பரம்பரையாக வருவது, சுமார் 2,500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது என்பது பொதுவான கணக்கு. என் அப்பாவுக்கும் உயரமாக வளைந்த பாதம், மடங்கிய விரல்கள். "அவர் நடையே அப்படி" என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். எனக்கு 31 வயதில் நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்தபோது, கையில் விநாடிக்கு 50 மீட்டராவது ஓட வேண்டிய மின்துடிப்பு 22 மீட்டரில்தான் ஓடியது. உடலின் மிக நீளமான நரம்புகள் முதலில் அடிபடுவதால் பாதத்தில் தொடங்கி மேலே ஏறுகிறது.

பாதத்தை மேலே தூக்கும் தசை முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் இருக்கிறது. அது வலுவிழந்தால், காலை எடுத்தவுடன் பாதத்தின் நுனி தொங்கிவிடும். தடுக்கி விழாமல் இருக்க முழங்காலைக் கூடுதலாக உயர்த்தி வைக்கிறேன். பாதம் தப்பென்று தரையில் விழுகிறது. கால்மிதியின் விளிம்போ, நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு ஒயரோ போதும், என்னை வீழ்த்த. அதனால் எங்கே போனாலும் என் கண் தரையில்தான் இருக்கும். நடக்கும்போது யாராவது பேசினால் பதில் சொல்ல நின்றுவிடுவேன். கோபமாக இருக்கிறேன் என்று நினைத்தவர்கள் உண்டு. சாயங்காலம் கால் களைப்பதற்கு முன்பே கவனம் களைத்துவிடுகிறது.

இனி நிற்பதைப் பற்றி. நீங்கள் சும்மா நிற்கும்போது உங்கள் கணுக்கால் ஓயாமல் சிறுசிறு திருத்தங்களைச் செய்துகொண்டே இருக்கிறது. அது உங்களுக்குத் தெரியாது. என் கணுக்காலுக்கு அந்த வலு இல்லை. பாதம் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தியும் மூளைக்குச் சரியாகப் போவதில்லை. அதனால் வரிசையில் நின்றால் ஆடிக்கொண்டே இருப்பேன், கால் மாற்றி மாற்றி வைப்பேன், சுவரைத் தேடுவேன். சாய வேண்டும் என்பதில்லை. ஒரு விரல் நுனி சுவரில் பட்டாலே ஆட்டம் அடங்கிவிடும். பாதம் சொல்லத் தவறியதை விரல் சொல்லிவிடுகிறது. கண்ணை மூடினால் அந்தத் துணையும் போதாது. முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியபோதுதான் நான் முதல்முறை விழுந்தேன். இப்போது முகம் கழுவுவது உட்கார்ந்துதான். இரவில் சிறு விளக்கு ஒன்று எரிந்துகொண்டே இருக்கும்.

செருப்பைப் பிடிக்க விரல்களில் பிடிமானம் இல்லை. ஒருநாள் ஒரு செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் பத்தடி நடந்துவிட்டேன். அன்றிலிருந்து பின்பட்டை உள்ளதைத் தவிர வேறு எதையும் போடுவதில்லை. உணர்ச்சி குறைந்த பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது என்பதால் தினமும் இரவில் பார்த்துக்கொள்கிறேன்.

பாதத்தைத் தொங்கவிடாமல் தாங்கும் கணுக்கால் பட்டையை மருத்துவர் சொல்லியும் மூன்று வருடம் தள்ளிப்போட்டேன். போட்ட முதல் நாளே தரையைப் பார்க்காமல் எதிரே வருபவரின் முகத்தைப் பார்த்து நடந்தேன். அந்த மூன்று வருடங்களை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது. தயங்குபவர்கள் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று. கால் வலுவிழந்தால் "நரம்புத் தளர்ச்சி" என்று தாங்களே பெயர் வைத்துக்கொண்டு சத்து மாத்திரையோடு நின்றுவிடுகிறார்கள். என் நோயைக் குணப்படுத்த மருந்து இல்லை. ஆனால் நோய் எதிர்ப்பு மண்டலமே நரம்பைத் தாக்கும் வகைகளுக்கும், வைட்டமின் பி12 குறைபாட்டுக்கும் சிகிச்சை உண்டு, தாமதித்தால் இழப்பு நிலைத்துவிடும். நரம்பியல் மருத்துவரிடம் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். என் நோய் உள்ளவர்கள் வேறு எந்தச் சிகிச்சைக்குப் போனாலும் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து எங்கள் நரம்புகளைக் கடுமையாகக் கெடுக்கும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உதவுவதாக நினைத்துத் திடீரென்று கையைப் பிடித்து இழுக்காதீர்கள், இருக்கும் சமநிலையும் போய்விடும். நான் படி இறங்கும்போது என் தம்பி ஒரு படி முன்னால், முழங்கையைச் சற்று மடித்து வைத்துக்கொண்டு இறங்குவான். எதுவும் சொல்ல மாட்டான். பல நாள் அந்த முழங்கையைத் தொடாமலே கீழே வந்துவிடுகிறேன்.