வண்டியில் மரப் பிசின்: முதலில் எந்த மரம் என்று பாருங்கள்

சென்னையில் கார் பெயின்டிங், பாலிஷ் வேலையில் 22 வருஷமாக இருக்கிறேன். வெயில் ஏறியதும் நிழல் தேடி எல்லோரும் மரத்தடியில் நிறுத்துகிறோம். அதனால் இந்த முறை வந்த கேள்விகள் முக்கால்வாசி பிசினைப் பற்றித்தான்.

மயிலாப்பூரிலிருந்து ஒருவர்: அண்ணா, வேப்ப மரத்தடியில் நிறுத்துவேன். பானெட்டில் பிசின் சொட்டி கல் மாதிரி இறுகிவிட்டது. வீடியோ பார்த்து சானிடைசர் போட்டுத் தேய்த்தேன், அசையவே இல்லை.

அசையாது தம்பி. அந்த வீடியோக்களில் பெரும்பாலும் காட்டுவது குளிர்நாட்டுப் பைன் மரத்தின் பிசின். அது குங்கிலியம் போல. தண்ணீரில் கரையாது, சானிடைசரில் இருக்கும் ஸ்பிரிட்டில் கரையும். வேம்பு, முருங்கை, கருவேலம் எல்லாம் நேர் எதிர். தண்ணீரில்தான் இளகும், ஸ்பிரிட் பட்டால் கரையாது. பாதாம் பிசினை ராத்திரி ஊறப்போட்டால் காலையில் கிண்ணம் நிறைய உப்பி நிற்குமே, அதே குணம்தான் இதற்கும்.

பொழுது சாய்ந்து பானெட் சூடு ஆறட்டும். முதலில் தண்ணீர் ஊற்றித் தூசியைக் கழுவிவிடுங்கள். தூசியோடு துடைத்தால் கீறல் விழும். கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் எடுத்து, பழைய பருத்தித் துணியை நாலாக மடித்து நனைத்து, பிசின் மேல் போட்டு வையுங்கள். பத்து நிமிஷம். ஆறினால் மறுபடி நனையுங்கள். இரண்டு மூன்று தடவையில் பிசினின் ஓரம் இளகி வழவழவென்று ஆகும். அப்போது விரல் நுனியால் ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நகம் வேண்டாம், பாத்திரம் தேய்க்கும் நார் வேண்டவே வேண்டாம். வராவிட்டால் இன்னும் ஊறவில்லை என்று அர்த்தம், இன்னும் அழுத்த வேண்டும் என்று அர்த்தமில்லை.

நங்கநல்லூர்: எங்கள் வீட்டில் பலா மரம். பால் சொட்டி ரப்பர் மாதிரி ஒட்டியிருக்கிறது.

பலாப்பழம் வெட்டும்போது கத்தியில் என்ன தடவுவீர்கள்? அதேதான். தேங்காய் எண்ணெய் நாலு சொட்டு விட்டு, ஐந்து நிமிஷம் கழித்து மைக்ரோஃபைபர் துணியால் உருட்டி எடுங்கள். பிறகு எண்ணெய் போகக் கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். மாங்காய்ப் பாலை மட்டும் நாள் கடத்தாதீர்கள். நம் தோலையே புண்ணாக்குகிற பால் அது. பெயின்டில் கறை பிடிக்கும் முன் அன்றைக்கே கழுவிவிடுங்கள்.

அண்ணா நகர்: தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்தினால் வண்டி முழுக்கப் பாகு தெளித்தது போல் பொட்டுப் பொட்டாக ஒட்டுகிறது சார். மரத்தில் காயம் எதுவும் தெரியவில்லை.

அது பிசினே இல்லைம்மா. இலைச்சாற்றை உறிஞ்சும் பூச்சிகள் வெளியேற்றும் இனிப்புத் திரவம். அதனால்தான் எறும்பு ஏறும். ஷாம்புத் தண்ணீரில் போய்விடும். வாரக்கணக்கில் விட்டால் அதன் மேல் கரும்பூஞ்சை படியும்.

தாம்பரம்: கொடைக்கானல் பைன் காட்டில் நிறுத்திவிட்டு வந்தோம்…

உங்களுக்குத்தான் ஸ்பிரிட் வைத்தியம். ரிச்சி தெருவில் ஐ.பி.ஏ. (ஐசோபுரோபைல் ஆல்கஹால்) என்று கேளுங்கள். பஞ்சில் நனைத்து அரை நிமிஷம் வைத்து, ஒற்றி எடுத்து, உடனே கழுவுங்கள். ஏற்கெனவே ரீபெயின்ட் செய்த இடமென்றால் முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துப் பாருங்கள்.

பெரம்பூர்: தெரிந்த மெக்கானிக் தின்னர் போட்டால் ஒரே நிமிஷத்தில் போகும் என்கிறார்.

பிசினோடு பெயின்டும் போகும். நிறத்துக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் என்ற நிறமில்லாத பூச்சு ஏறத்தாழ 40, 50 மைக்ரான்தான். தலைமுடியை விட மெல்லியது. தின்னர், நெயில் பாலிஷ் ரிமூவர் இரண்டையும் வண்டிப் பக்கமே கொண்டுவராதீர்கள். தின்னரால் மங்கிப்போன கதவுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை. ஒரு கிண்ணம் வெந்நீரில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

வேளச்சேரி: பிசின் போய்விட்டது, வட்டமாகத் தழும்பு இருக்கிறது.

விரலால் தடவிப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் மெல்லிய பாலிஷ் போதும். பள்ளம் தட்டினால் கிளியர் கோட் அரித்திருக்கிறது. நல்ல பாலிஷ்காரரிடம் காட்டுங்கள். நீங்களே ரப்பிங் காம்பவுண்ட் வாங்கித் திரும்பத் திரும்பத் தேய்க்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் அந்த 40 மைக்ரானில்தான் கை வைக்கிறீர்கள். மேட் ஃபினிஷ் வண்டிக்குப் பாலிஷே கூடாது.

அடையாறு: முன் கண்ணாடியில்?

நன்றாக நனைத்து, புது பிளேடைப் படுக்கவைத்துச் சுரண்டலாம். கண்ணாடியில் மட்டும். வைப்பர் ரப்பரையும் துடைத்துவிடுங்கள்.

பெசன்ட் நகர்: கவர் போட்டால் தப்பிக்கலாமா?

கழுவின வண்டிக்குப் போட்டால் தப்பிக்கலாம். தூசி வண்டிக்குப் போட்டால் காற்றில் கவர் ஆடி ஆடி உப்புத்தாள் போல் தேய்க்கும். கவர் மேல் சொட்டிய பிசினையும் விடாதீர்கள். கவரை மடிக்கும்போது அந்தப் பிசின் உள்பக்கம் ஒட்டி, மறுநாள் நேராகப் பானெட்டுக்கு வரும். மடிக்கும் முன் வெளிப்பக்கத்தை ஈரத்துணியால் ஒரு தடவை துடைத்துவிடுங்கள்.