வளைந்ததை உருவி நிமிர்த்தாதீர்கள்

கேள்வி: ஏற்காட்டில் காபித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை. வயது 52. எட்டு வருடமாகச் சர்க்கரை. நான்கு மாதமாக விறைப்பின்போது ஆணுறுப்பு மேல்நோக்கி வளைகிறது, வலிக்கிறது. மேற்புறம் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. புற்றுநோயா? சேலத்தில் லாட்ஜுக்கு மாதம் ஒருமுறை வரும் வைத்தியர், எண்ணெய் போட்டு உருவினால் நிமிர்ந்துவிடும் என்கிறார்.

பதில்: முதலில் அந்த உருவுதலை நிறுத்துங்கள்.

நீங்கள் சொல்வதெல்லாம் பெய்ரோனி நோய்க்குப் பொருந்துகிறது. 1743இல் இதை விவரித்த பிரெஞ்சு அறுவை மருத்துவரின் பெயர் அது. புற்றுநோய் அல்ல, மனைவிக்குத் தொற்றாது. இளவயதுப் பழக்கத்தால் வந்தது என்று லாட்ஜில் பயமுறுத்தியிருந்தால் அதையும் மறந்துவிடுங்கள்.

சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டிய இடத்தைப் பார்த்திருப்பீர்கள். காற்றடித்தால் மற்ற இடமெல்லாம் உப்பும், ஒட்டுப் போட்ட இடம் மட்டும் இழுத்துப் பிடிக்கும். இங்கேயும் அதுதான். உறவின்போது தெரியாமல் படும் சிறு அடிகள் சிலருக்குச் சரியாக ஆறாமல், ஆணுறுப்பின் உள்ளுறையில் தடித்த தழும்பாகிவிடுகின்றன. சர்க்கரையும் புகையும் இதற்குத் துணை. அந்தத் தழும்பின் மேல் உருவினால் புதுக் காயம்தான் மிச்சம். உள்ளங்கையில், மோதிர விரலுக்குக் கீழே தடிப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், இரண்டும் உறவுக்காரர்கள்.

வலி இருக்கும்வரை நோய் இன்னும் நகர்கிறது என்று பொருள். அது ஓய ஒரு வருடம், ஒன்றரை வருடம்கூட ஆகலாம். வலி பெரும்பாலும் தானே போகும்; வளைவு அப்படிப் போவது அபூர்வம். அதனால் இப்போதே யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்புக் கோளாறுகளைப் பார்க்கும்) டாக்டரைப் பாருங்கள், ஆபரேஷனுக்கு மட்டும் அவசரப்படாதீர்கள். வளைவு மாறாமல் சில மாதம் நின்ற பிறகுதான் கத்தி. உறவுக்கு இடைஞ்சல் இல்லையென்றால் அதுவும் வேண்டாம். தழும்பில் போடும் ஊசி, இழுவைக் கருவி எல்லாம் உண்டு. உங்களுக்கு எது என்பதை அவர் சொல்லட்டும். வைட்டமின் ஈ மாத்திரைக்குக் காசு கொடுக்காதீர்கள், பலன் நிரூபணமாகவில்லை.

கூச்சமாக இருந்தாலும் ஒன்று செய்யுங்கள்: வீட்டில் விறைப்பு நிலையில் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று என்று உங்கள் போனிலேயே படம் எடுத்துப் போங்கள். தளர்ந்த நிலையில் பார்த்து யாராலும் கோணம் சொல்ல முடியாது. மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் (HbA1c) ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். விறைப்பு குறைந்திருந்தால் மறைக்காதீர்கள்.

உறவின்போது ‘டப்’பென்று சத்தம் கேட்டு, உடனே தளர்ந்து, வீங்கிக் கறுத்தால் அது வேறு விஷயம், அந்த உள்ளுறையே கிழிந்திருக்கும். விடியட்டும் என்று மலையில் இருக்காமல் அன்றிரவே சேலம் இறங்கிவிடுங்கள்.