படிக்கட்டு எந்தப் பக்கம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மெய்நிகர் ஹெட்செட்டில் ஒரு விளையாட்டு ஆடுகிறேன். பெரிய மாளிகை. பட்டனை அழுத்தினால் காட்டிய இடத்துக்குத் தாவிவிடலாம். பல நாள் சுற்றியும் படிக்கட்டு எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் கைநீட்டி நானே இழுத்துத் திறந்த இழுப்பறைகளில் எதற்குள் சாவி, எதற்குள் கடிதம் என்பதெல்லாம் அத்துபடி. ஞாபகம் கையிலா இருக்கிறது?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

கைக்கும் அதில் பங்குண்டு. ஆனால் மாளிகை மனதில் பதியாததற்குக் காரணம் கால்.

நடக்கும்போது எவ்வளவு தூரம் வந்தோம், எங்கே திரும்பினோம் என்று தசைகளும் உட்காதும் மூளைக்கு ஓயாமல் கணக்குச் சொல்கின்றன. எலி குறிப்பிட்ட ஓர் இடத்துக்கு வந்தால் மட்டும் துடிக்கும் செல்களை அதன் மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் நரம்பியல் ஆய்வாளர் ஜான் ஓகீஃப் 1971இல் கண்டார். இத்தகைய செல்களைக் கொண்டு மூளை இடத்தின் வரைபடத்தை வரைந்துகொள்கிறது. அந்த வரைபடத்துக்குக் கண் மட்டும் போதாது. நீங்கள் தாவும்போது காட்சி மாறுகிறது. உடம்போ நின்ற இடத்திலேயே நிற்கிறது.

இழுப்பறையை எட்டித் திறந்தபோது உயரம், திசை, தூரம் மூன்றையும் தோளும் முழங்கையும் அளந்துவிட்டன. ஒரு செயலை வாசித்தவர்களைவிடச் செய்துபார்த்தவர்களுக்கே அது நன்றாக நினைவிருக்கிறது என்பது 1980களிலிருந்து பலமுறை சோதித்துப் பார்த்த விஷயம்.

அதற்காக எல்லாக் கையசைவும் உதவாது. பக்கத்து அறைக்கும் கோடி அறைக்கும் விரலின் அதே சொடுக்குதான் என்றால், கை எதைக் கற்றுக்கொள்ளும்? கட்டைவிரலைத் தூக்கினால் வரைபடம் திறக்கும், முஷ்டியை மடக்கினால் பை திறக்கும் என்று சில விளையாட்டுகளில் சைகைகளை அடுக்குகிறார்களே, எனக்கு அது எரிச்சல். வழியோடு சைகையையும் அல்லவா மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது!

பிறவியிலேயே பார்வையற்றவர்கள், கேட்பவருக்கும் பார்வையில்லை என்று தெரிந்தும், கையசைத்தே பேசுகிறார்கள். உளவியல் ஆய்வாளர்கள் ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 1998இல் இதைக் காட்டினார்கள். பேசுகிறவரின் யோசனைக்கே கை ஒத்தாசை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே ஒன்று செய்துபாருங்கள். ஒவ்வொரு தாவலுக்கும் பிறகு, வந்த வாசல் இருக்கும் திசையைக் கையால் சுட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஹெட்செட்டைக் கழற்றியதும் கண்ணை மூடி, போன வழியைக் காற்றில் ஒருமுறை வரையுங்கள். பார்ப்பவர்கள் சிரிக்கட்டும். படிக்கட்டு எந்தப் பக்கம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.