யூனிட் டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகும்போது வால்கிரைண்டும் ஓட்ட வேண்டுமா?

கட்டாயம் ஓட்டுங்கள். வால்கிரைண்ட் என்பது ப்ரோக்ராமை ஓட்டிப் பார்த்து மெமரித் தவறுகளைக் காட்டும் கருவி. "டெஸ்ட்தான் பாஸ் ஆயிடுச்சே, அப்புறம் எதுக்கு?" என்று உங்கள் லீட் கேட்டிருப்பார். சி++ எழுதுகிற எல்லோரும் இதைக் கேட்டிருப்போம்.

டெஸ்ட் விடையை மட்டுமே சரிபார்க்கும். ஃப்ரீ செய்த, அதாவது திருப்பிக் கொடுத்துவிட்ட மெமரியை மறுபடி படித்தாலும், பழைய மதிப்பு அங்கே அழியாமல் கிடந்தால் அசர்ட் பாஸ்தான். எங்கள் டீமில் ஒரு பார்சர் இப்படித்தான் ஏமாற்றியது. இங்கே எல்லாம் பச்சை, வாடிக்கையாளரின் சர்வரில் மட்டும் அவ்வப்போது க்ராஷ். பில்ட் சர்வரில் வால்கிரைண்டும் ஓடுகிறது, அதுவும் பச்சை, ஆகவே கோளாறு நெட்வொர்க்கில்தான் என்று சாதித்தார்கள். நான் லாகைத் திறந்து வரி வரியாகப் படித்தேன். "இன்வேலிட் ரீட் ஆஃப் சைஸ் 8" (படிக்கக் கூடாத இடத்தில் 8 பைட் படித்தது) என்று ஒவ்வொரு இரவும் பதிவாகியிருந்தது! வால்கிரைண்ட் பிழையைக் கண்டாலும், நாம் தனியாகச் சொல்லாவிட்டால் உங்கள் ப்ரோக்ராமின் எக்ஸிட் கோடைத்தான் (முடியும்போது வெற்றியா தோல்வியா என்று சொல்லும் எண்) திருப்பித் தரும். எரர்-எக்ஸிட்கோட் ஆப்ஷனுக்கு 1 கொடுத்தால்தான் பில்ட் சிவப்பாகும். அதைச் சேர்த்தவன் நான் என்பதில் இன்றும் எனக்குப் பெருமைதான்.

"20, 30 மடங்கு மெதுவாகிறதே" என்று கமெண்டில் வருவார்கள். வாஸ்தவம். அதனால்தான் ஒவ்வொரு கமிட்டுக்கும் அட்ரஸ் சானிடைசர் (கம்பைலரே சேர்க்கும் மெமரிச் சோதனை), இரவில் வால்கிரைண்ட் என்று பிரித்து வைத்திருக்கிறோம். சானிடைசர் சுமார் 2 மடங்குதான் மெதுவாகும், ஜிசிசி கம்பைலரில் 4.8 முதலே இருக்கிறது. ஸ்டேக் அரேயில் எல்லை தாண்டினால் அது பிடிக்கும், மெம்செக்குக்கு (வால்கிரைண்டின் மெமரி சோதிக்கும் பகுதி) தெரியாது. மதிப்பே வைக்காத மெமரியை நம்பி இஃப் போட்டால் மெம்செக்தான் பிடிக்கும். இரண்டையும் ஒரே பைனரியில் சேர்த்து ஓட்ட முடியாது.

எச்சரிக்கை வந்தால் காரணம் புரியாமல் வாயடைக்காதீர்கள். 2006-இல் டெபியன் லினக்ஸில் வால்கிரைண்ட் எச்சரிக்கையை நிறுத்துவதற்காக ஓபன்எஸ்எஸ்எல் என்ற என்க்ரிப்ஷன் லைப்ரரியில் கைவைத்ததில், ரேண்டம் எண்ணுக்கு ப்ராசஸ் ஐடி மட்டுமே ஆதாரமாக மிஞ்சியது, அதிகபட்சம் 32,768 வாய்ப்புகள். 2008 மே மாதத்தில்தான் அது வெளியே வந்தது.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். இன்டர்வியூவில் லிங்க்டு லிஸ்டைத் தலைகீழாக்கச் சொல்கிறார்கள். அந்த நோடுகளை யார், எப்போது ஃப்ரீ செய்வது என்று என்னிடம் ஒருவர்கூடக் கேட்டதில்லை. நான் எடுக்கும் இன்டர்வியூவில் முதல் கேள்வியே அதுதான்.