பட்டறை கேள்வி–பதில்: பெயின்ட் டப்பா பரணிலேயே இருக்கட்டும்

கேள்வி: காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் கடை ஒன்றில், ரம்பச் செயினுக்குச் சாணை பிடிக்கும் அமெரிக்க மெஷின் ஒன்றை வாங்கினேன். வார்ப்பு இரும்பு உடம்பு, முழுக்கத் துரு. தகட்டில் 115 வோல்ட், 60 சைக்கிள், 3450 சுற்று என்று போட்டிருக்கிறது. துருவைச் சுரண்டி, பெயின்ட் அடித்து, ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாமா?
— வாசகர், கானாடுகாத்தான்

எடைக்குப் போகாமல் காப்பாற்றிவிட்டீர்கள், நல்ல காரியம். பெயின்ட் கடைசி வேலை. இன்றைக்கு ஒன்று செய்யுங்கள். கல் மாட்டியிருக்கும் கையைப் பிடித்து இடமும் வலமுமாக ஆட்டிப் பாருங்கள். டக் டக்கென்று ஆடினால் அதுதான் மெஷினின் வியாதி. துரு மேல்தோலோடு சரி.

என் அப்பா தேவகோட்டையில் மர ஆசாரி. கை ரம்பத்துக்கு அரம் போடும்போது இரண்டு கட்டைக்கு நடுவில் ரம்பத்தை இறுக்கி, விரலால் ஒரு சுண்டு சுண்டுவார். அதிர்ந்தால் அரத்தைத் தொடமாட்டார், மறுபடி இறுக்குவார். செயின் சாணைக்கும் கணக்கு அதேதான். செயினில் இடப்பல்லும் வலப்பல்லும் மாறி மாறி வருகின்றன. கல்லைத் தாங்கும் கை ஆடினால் ஒரு பக்கத்துப் பல்லை மயிரிழை கூடுதலாகத் தின்றுவிடும். பிறகு எவ்வளவு கூராக இருந்தாலும் ரம்பம் மரத்துக்குள் நேரே இறங்காது, ஒரு பக்கமாக இழுக்கும். பிடித்திருக்கிற ஆளுக்குத் தோள்பட்டை கழன்றுபோகும்.

ஆட்டம் பெரும்பாலும் கை திரும்பும் கீல் ஊசியில் இருக்கும். ஊசி ஒரு பக்கம் தேய்ந்திருக்கும், துளை முட்டை வடிவத்துக்கு வந்திருக்கும். லேத் பட்டறையில் துளையைப் பெரிதாக்கி, கன்மெட்டல் புஷ் (வெண்கல வகை உறை) இறக்கி, புது ஊசி கடைந்து போடச் சொல்லுங்கள். புஷ்ஷில் எண்ணெய் விடுவதற்கு ஒரு சிறு துளையும் வேண்டும். அடுத்தது செயினைப் பிடிக்கும் வைஸ். அதன் இரண்டு தாடையும் நேராக வந்து கவ்வ வேண்டும். கல் மாட்டும் சாஃப்டை டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். முள் துள்ளினால் பேரிங்கை மாற்றிவிட்டுத் திரும்பப் பாருங்கள்.

இனி கரண்ட். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் குறைக்கும், நம் ஊர் 50 சைக்கிளை (விநாடிக்கு 50 அலை) 60 ஆக்காது. நான் முதன்முதலாகச் சீர் செய்த மெஷினில் இது தெரியாமல் 110 வோல்ட் கொடுத்தேன். சும்மா ஓடிக்கொண்டிருந்தது, அரை மணிக்குள் மோட்டாரின் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிய வாடை. 60 சைக்கிளுக்குச் சுற்றிய இண்டக்‌ஷன் மோட்டாரை 50-ல் ஓட்டினால் வோல்ட்டையும் அதே விகிதத்தில் இறக்க வேண்டும். 115-க்குப் பதில் சுமார் 96. அப்படி ஓட்டினாலும் சுற்று 2875 பக்கம் இறங்கும், பலமும் ஆறில் ஒரு பங்கு குறையும். மோட்டாரின் இரு பக்கமும் கார்பன் பிரஷ் மூடி இருந்தால் மட்டும் கவலையில்லை. அந்த வகைக்கு சைக்கிள் பெரிய விஷயமல்ல, டிரான்ஸ்ஃபார்மரே போதும்.

பிரஷ் இல்லையென்றால் 230 வோல்ட், 2800 சுற்று மோட்டார் ஒன்றை வாங்கி, கல்லின் துளைக்கு ஏற்ற அடாப்டர் கடைந்து மாட்டுவதே என் யோசனை. கழற்றுவதற்கு முன் கல் எந்தப் பக்கம் சுற்றியது என்று உடம்பிலேயே அம்புக்குறி போட்டு வையுங்கள். புது மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றினால் கல்லை இறுக்கும் நட்டு தானே கழன்றுவிடும். ஸ்டார்ட்டிங் காயிலின் இரண்டு முனையையும் மாற்றிக் கொடுத்தால் திசை திரும்பும். எர்த் கட்டாயம். பழைய மோட்டாரை விற்றுவிடாதீர்கள். எண்ணெய்த் துணியில் சுற்றி, தகட்டோடு வைத்திருங்கள். அந்த மெஷினின் பிறப்புச் சான்று அது.

துருவுக்கு வருவோம். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்ட ஊர் காரைக்குடி. நாம் உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருப்பானேன்? கரண்டைக் கொண்டே துருவைக் கழற்றலாம். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர், லிட்டருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த பாகத்துக்கு மைனஸ், ஒரு பழைய இரும்புத் துண்டுக்கு பிளஸ். இரண்டும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஓர் இரவில் துரு கறுப்புச் சேறாக உதிரும். பிளஸ் பக்கம் எவர்சில்வர் வைக்காதீர்கள், அதிலிருந்து குரோமிய விஷம் இறங்கும். அலுமினிய பாகத்தைத் தொட்டியில் போட்டால் அரித்துவிடும். ஹைட்ரஜன் வாயு வரும், ஆகவே முற்றத்தில் வைத்துச் செய்யுங்கள், பக்கத்தில் அடுப்போ பீடியோ கூடாது. எடுத்ததும் துடைத்துக் காயவைத்து எண்ணெய் போடாவிட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி பூத்துவிடும்.

மெஷினோடு வந்த பழைய கல்லை மாட்டவே மாட்டாதீர்கள். புதுக் கல்லையும் துளையில் விரல் கோத்துத் தொங்கவிட்டு, உளிப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்றால் மாட்டலாம், சொத்தென்றால் விரிசல். கல்லில் அச்சிட்ட உச்சச் சுற்று மோட்டாரின் சுற்றைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். கல்லை இரு புறமும் கவ்வும் தட்டான ஃபிளாஞ்சுக்கும் கல்லுக்கும் நடுவில் இரண்டு பக்கமும் தாள் வட்டம் வேண்டும், அது இல்லாமல் இறுக்கினால் அழுத்தம் ஒரே புள்ளியில் விழுந்து கல் பிளக்கும். உங்கள் மெஷினில் கல்லுக்கு மூடி இல்லையென்றால், நீங்கள் செய்யப்போகும் முதல் மாற்றம் அதுவாகத்தான் இருக்க வேண்டும். 2 மில்லி இரும்புத் தகட்டில் அடித்துப் போடுங்கள். அசலின் அழகு கெட்டாலும் பரவாயில்லை, கண் போனால் வராது.

இத்தனையும் முடிந்த பிறகு பெயின்ட் அடியுங்கள். கோணம் காட்டும் அளவுக் கோடுகள் மேல் மட்டும் பட்டுவிடாமல்.

கேள்வி: சீமைக் கருவேலம் வெட்டுகிறோம். மெஷினில் சாணை பிடித்தால் பல் நீலமாகிறது. அடுத்த முறை அரமே ஏறமாட்டேன் என்கிறது. கல் சரியில்லையா?
— வாசகர், தேவகோட்டை

கை சரியில்லை. கல்லை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்கிறீர்கள். நீலம் என்றால் அந்த இடம் 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று பொருள். எஃகின் பதம் போய்விடும். ஓரிடத்தில் இளகும், ஓரிடத்தில் கண்ணாடி மாதிரி விறைத்து அரத்தை வழுக்கிவிடும். ஒரு விநாடி தொடுங்கள், எடுங்கள், மறுபடி தொடுங்கள். நீலம் போகும்வரை பொறுமையாகத் தேய்த்துத் தள்ளத்தான் வேண்டும். கல்லின் விளிம்பு வழவழவென்று மின்னினால் டிரெஸ்ஸிங் கல்லால் உரசி முகத்தைத் திறந்து, விளிம்பை மறுபடி உருண்டையாக்குங்கள்.

டெப்த் கேஜ் என்கிற, பல்லுக்கு முன்னால் நிற்கும் சின்ன மேட்டையும் பாருங்கள். பல் தேயத் தேய அதையும் இறக்க வேண்டும். பொதுவாக 0.65 மில்லி தாழ்வு போதும். கூடுதலாக இறக்கினால் ரம்பம் முரட்டுத்தனமாகக் கடித்து உங்கள் பக்கம் உதைக்கும். பிறகு, கருவேலம் பட்டையில் மணல் ஒட்டியிருக்கும். வெட்டும் இடத்தை அரிவாளால் சீவிவிட்டு ரம்பத்தை வையுங்கள், பாதிச் சாணை மிச்சமாகும்.

கேள்வி: இடித்த வீட்டுப் பர்மா தேக்கு உத்தரங்களைப் பலகையாக நெடுக்கே அறுக்க வேண்டும். அதற்குத் தனிச் சாணை உண்டா?
— வாசகர், பள்ளத்தூர்

உண்டு. குறுக்கே வெட்டும் செயினுக்கு மேல்தகட்டுக் கோணம், அதாவது மேலிருந்து பார்த்தால் பல்லின் வெட்டு விளிம்பு சாய்ந்திருக்கும் அளவு, 30 டிகிரி. நெடுக்கே அறுக்க 10 டிகிரி. வைஸைத் திருப்பி 10-ல் வைத்து, இரண்டு பக்கமும் ஒரே அளவு வருகிறதா என்று தச்சுக் கோணமானியால் பாருங்கள். பழைய மெஷின்களில் அளவுக் கோட்டை மட்டும் நம்ப முடியாது. இதற்கென்று ஒரு செயினைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் உண்மையான எதிரி ஆணி. கதவு மாட்டிய கொண்டி, தோரணம் கட்டிய ஆணி, தலை முறிந்து உள்ளேயே தங்கிய இரும்பு எல்லாம் அந்த உத்தரத்துக்குள் இருக்கும். நல்ல காந்தத்தை நூலில் கட்டி ஒவ்வொரு முகத்திலும் நகர்த்திப் பாருங்கள். அப்படியும் ஒரு பல் அடிபட்டால், வெளிப்பக்கக் குரோமியப் பூச்சு எதுவரை பெயர்ந்திருக்கிறதோ அதுவரை தேய்த்து, அந்தப் பல்லைக் காலிப்பரால் அளந்து, மற்ற எல்லாப் பல்லையும் அதே நீளத்துக்குக் கொண்டுவாருங்கள்.