சட்டக் கேள்வி பதில்: திரைவழிச் சமரசமும் நடுவர் தீர்ப்பும்

கேள்வி: வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். கடைசித் தவணை வரவில்லை. 'தகராறு எழுந்தால் இணையவழி நடுவர் தீர்ப்பு' என்று ஒப்பந்தத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது. அவர்களோ முதலில் சமரசம் பேசலாம் என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் கெடு வைத்து. சமரசர், அதாவது இரு தரப்பையும் பேசவைக்கும் மூன்றாமவர், உங்கள்மேல் எதையும் திணிக்க முடியாது; பிடிக்காவிட்டால் விலகிவிடலாம். நடுவர் சொல்வதோ கட்டுப்படுத்தும். அநேகமாக மேல்முறையீடும் கிடையாது. சமரசப் பேச்சு இழுத்தடிக்கப்படும்போது உரிமை கோருவதற்கான காலவரம்பும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லா நாட்டுச் சட்டமும் அதை நிறுத்தி வைப்பதில்லை. '30 நாளில் முடியாவிட்டால் நடுவரிடம் போவோம்' என்பதற்கு எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். ரகசியக் காப்புக்கும் அப்படியே. இல்லாவிட்டால், பாதித் தொகைக்கு நீங்கள் இறங்கி வந்ததை நாளை நடுவர் முன் எடுத்துப் போடுவார்கள்.

உடன்பாடு எட்டினால் வாட்ஸ்அப்பில் 'ஓகே' என்று வந்த பதிலை நம்பி இருந்துவிடாதீர்கள். எல்லை தாண்டிய வணிக உடன்பாடுகளை நிறைவேற்ற உதவும் சிங்கப்பூர் சமரச உடன்படிக்கை 2020 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதில் சேர்ந்த நாடுகளில் மட்டுமே பலன். உடன்பாடு எழுத்தில் இருக்க வேண்டும், இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும், சமரசத்தில் விளைந்தது என்பதற்குச் சான்றும் வேண்டும். சமரசரின் கையெழுத்தே அதற்குப் போதும். மின்னணுக் கையெழுத்தும் செல்லும்.

உண்மையில் கவலை தருவது அந்த ஒற்றை வரிதான். நடுவர்கள் எத்தனை பேர், யார் நியமிப்பது, எந்த மொழி, சட்டப்படி நடுவர் விசாரணையின் அமர்விடம் எந்த நாடு என்று எதுவுமே அதில் இல்லை. விசாரணை முழுக்கத் திரையில் நடந்தாலும் அமர்விடம் தேவை. தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் எந்த நாட்டு நீதிமன்றத்துக்கு என்பதை அதுதான் முடிவு செய்கிறது. சண்டை முற்றுவதற்குள் இதைப் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

கேள்வி: எதிர்த்தரப்பு ஆஜராகவே இல்லை. தீர்ப்பு எனக்குச் சாதகமானால் பணம் வந்துவிடுமா?

பதில்: தானாக வராது. வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை நிறைவேற்ற உதவும் 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கையை ஏற்ற 170க்கும் மேற்பட்ட நாடுகளில் நீதிமன்றம் வழியே நிறைவேற்றக் கோரலாம். ஆனால் 'எனக்கு முறையான அறிவிப்பே வரவில்லை' என்று எதிர்த்தரப்பு நிரூபித்தால் நீதிமன்றம் மறுக்கலாம். இணையவழித் தீர்ப்புகள் வழுக்கி விழும் இடம் இதுதான்: அறிவிப்பு ஸ்பேமில் கிடக்கும், அல்லது எப்போதோ கைவிட்ட முகவரிக்குப் போயிருக்கும். ஒப்பந்தத்தில் உள்ள மின்னஞ்சலோடு, கூரியரிலும் அனுப்பி ரசீதை வைத்திருங்கள். தீர்ப்பின் அசலோ சான்றளித்த நகலோ, நடுவரிடம் போக ஒப்புக்கொண்ட ஒப்பந்தத்தோடு சேர்த்துத் தாக்கல் செய்ய வேண்டும். ஆகவே மையில் கையெழுத்திட்ட காகிதப் பிரதி ஒன்றையும் நடுவரிடம் கேளுங்கள்.

கேள்வி: காணொலி விசாரணை நடுவே இணைப்பு அறுந்தால்?

பதில்: எத்தனை நிமிடம் காத்திருப்பது, எந்தத் தொலைபேசி எண்ணில் கூப்பிடுவது என்பதை விசாரணைக்கு முன்பே நடுவரின் உத்தரவில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் சாட்சி பேசியது பாதி கேட்கவில்லை என்றால் அப்போதே ஆட்சேபித்து, பதிவு செய்யக் கோருங்கள். பேசாமல் இருந்துவிட்டு, தீர்ப்பு பாதகமான பிறகு கிளப்பினால், ஆட்சேபத்தை நீங்களே கைவிட்டதாகத்தான் பல நாட்டுச் சட்டங்கள் கொள்ளும்.