டேக் டீமுக்கு வேஷம் கூடிவருவது எப்படி: கேள்வி பதில்

தொழில்முறை மல்யுத்தத்தில் டேக் டீம்களும் (ஒருவர் ரிங்கில் மோத, மற்றவர் மூலையில் காத்திருந்து, கை தொட்டு மாறிக்கொள்ளும் கூட்டாளிகள்) கோஷ்டிகளும் டிவியில் காட்டும் அந்த முகத்தை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று ஆளாளுக்கு ஒன்று கேட்டிருந்தீர்கள். முடிந்தவரை சொல்கிறேன். நான் ரிங்கில் ஏறியவன் இல்லை. 30 வருடங்களுக்கு மேலாக விடாமல் பார்க்கிறவன், அவ்வளவுதான்.

கேள்வி: அண்ணா, ஒரு டீமின் கேரக்டரை முடிவு செய்வது யார்? கதை எழுதுகிறவர்களா, வீரர்களா?

தொடங்கி வைப்பது பெரும்பாலும் நிகழ்ச்சியை நடத்தும் கம்பெனி. முடித்து வைப்பது கூட்டம். நடுவில் கிடந்து வியர்ப்பது வீரர்கள்.

டபிள்யூடபிள்யூஇயின் நியூ டே டீமை எடுத்துக்கொள்ளுங்கள். கோஃபி கிங்ஸ்டன், பிக் ஈ, சேவியர் வுட்ஸ். 2014 கடைசியில் வந்தபோது எந்நேரமும் சிரிப்பு, கைதட்டல், நம்பிக்கைப் பேச்சு என்று பிரசங்கம் செய்யும் மூவராக வந்தார்கள். அரங்கில் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. இவர்கள் சொல்லிக்கொடுத்த அதே கைதட்டல் தாளத்தில் இவர்களையே திட்டிக் கோஷம் போட்டார்கள். 2015 ஏப்ரலில் மூவரும் ஹீல், அதாவது வில்லன்கள் ஆனார்கள். ஆனால் கவனியுங்கள், சிரிப்பையும் விடவில்லை, கைதட்டலையும் விடவில்லை. பிடிக்காதவன் முன்னால் நின்று விடாமல் சிரித்தால் அவனுக்கு எவ்வளவு எரிச்சல் வரும் என்பதைப் புரிந்துகொண்டு, அதையே ஆயுதமாக்கினார்கள். வுட்ஸ் டிராம்போன் ஊத ஆரம்பித்தார். சில மாதங்களில் திட்டிய கூட்டமே கூடச் சேர்ந்து ஆடியது. அந்த ஓட்டத்தில் டேக் டீம் பட்டத்தை 483 நாள் வைத்திருந்தார்கள். அதற்கு முன் டெமாலிஷன் 1988, 89-இல் வைத்திருந்த 478 நாள்தான் சாதனை.

கம்பெனி கொடுத்தது சிரிப்பு. அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் கொடுத்தது கூட்டத்தின் கோபம்.

கேள்வி: இரண்டு பேரும் ஒரே மாதிரி உடுத்தி ஒரே மாதிரி நடந்தால்தானே டீம் மாதிரி தெரியும்?

உடை ஒன்றாக இருக்கலாம். குணம் ஒன்றாக இருந்தால் போச்சு. இரண்டு பேர் எதற்கு, ஒருவரே போதுமே என்று தோன்றிவிடும்.

1983-இல் ஜார்ஜியாவில் தலையெடுத்த ரோடு வாரியர்ஸ் இதற்கு நல்ல உதாரணம். இருவருக்கும் முகத்தில் சாயம், தோளில் முள் கவசம். தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டையர் போல இருப்பார்கள். ஆனால் மைக்கில் ஹாக் தறிகெட்டுக் கத்துவார், அனிமல் தரையில் வேரூன்றியதுபோல் நிற்பார். ஒருவர் எப்போது வெடிப்பார் என்று தெரியாது, இன்னொருவரை அசைக்க முடியாது. எதிரிக்கு இரண்டு விதமான பயம்.

எதிர்க்கோடியில் 2012-இன் டீம் ஹெல் நோ. கேனும் டேனியல் பிரையனும் உயரத்தில்கூடப் பொருந்தாதவர்கள். கோபத்தை அடக்கும் வகுப்பில் ஒன்றாக உட்காரவைத்து, அதையே கதையாக்கினார்கள். ஜெயித்த பிறகு 'டேக் டீம் சாம்பியன் நானே' என்று இருவரும் மாறிமாறிக் கத்திக்கொண்டிருப்பார்கள். டீமாக இருக்கத் தெரியாததுதான் அந்த டீமின் கேரக்டர். எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

கேள்வி: கேரக்டர் என்றாலே மைக்கில் பேசுவதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். மேட்சுக்குள் கேரக்டர் உண்டா?

நல்ல கேள்வி. என்னைக் கேட்டால் டேக் டீமுக்கு முக்கால்வாசி கேரக்டர் மேட்சுக்குள்தான் இருக்கிறது.

ராக் 'என்' ரோல் எக்ஸ்பிரஸில் ரிக்கி மார்ட்டன், ராபர்ட் கிப்சன் என்று இருவர். மேட்சின் பெரும்பகுதி மார்ட்டன் அடி வாங்குவார். ஊர்ந்து ஊர்ந்து தன் மூலைக்கு வருவார், விரல் படும் நேரத்தில் எதிராளி காலைப் பிடித்து இழுப்பான். கடைசியில் ஒருவழியாகக் கை பட்டு கிப்சன் உள்ளே பாய்வார். அதுதான் ஹாட் டேக். அரங்கம் எழுந்து நிற்கும். இதில் மார்ட்டன் எவ்வளவு தேர்ந்தவர் என்றால், இன்றும் அடி வாங்கும் பாத்திரத்துக்குத் தொழிலில் அவர் பெயரையே சொல்கிறார்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். மார்ட்டன் வாய் திறக்காமலே 'இவன் விடமாட்டான்' என்று தெரிந்துவிட்டது. கயிற்றைப் பிடித்தபடி தவிக்கும் கிப்சனைப் பார்த்தால் 'இவன் நண்பனைக் கைவிட மாட்டான்' என்று தெரிந்துவிட்டது. யார் அடி வாங்குவது, யார் வெளியே காத்திருப்பது, காத்திருக்கும்போது முகம் எப்படி இருக்கிறது: கேரக்டர் இங்கே கட்டப்படுகிறது. மூலையில் நிற்கிறவர் கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தால், மைக்கில் எவ்வளவு நல்ல ப்ரோமோ (சவால் பேச்சு) பேசினாலும் வீண்.

கேள்வி: தனி ஆளாக எடுபடாத இருவரைச் சேர்த்துவிட்டால் ஏதாவது மாறுமா சார்?

நியூ ஏஜ் அவுட்லாஸ் மாறினார்களே! ரோட் டாக் அதற்கு முன் ஜெஃப் ஜாரெட்டுக்கு எடுபிடியாக வந்தவர். பில்லி கன்னுக்கு ராக்கபில்லி என்று ஒரு வேஷம் கொடுத்து, அது யாருக்கும் நினைவில் நிற்காமல் போனது. இருவரும் எதிரெதிரே மோதிக்கொண்டிருந்தவர்கள். 1997-இல் கொடுத்த வேஷத்தைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சேர்ந்தார்கள். 'எங்களுக்கும் இழக்க ஒன்றும் இல்லை' என்ற அலட்சியம் இருவருக்கும் பொதுவாக இருந்தது, அது நிஜமாகவும் இருந்தது. அதே ஆண்டு நவம்பரில் பட்டம். ரோட் டாக் மைக்கைப் பிடித்துக்கொண்டு வரும் அந்த அறிமுக வசனத்தைக் கூட்டம் வரிக்கு வரி கூடவே சொல்லும்.

எல்லாச் சேர்க்கையும் இப்படி அமையாது, சரியா?

கேள்வி: ஒரே ஜோடி முழுக்க வேறு வேஷத்துக்கு மாறியது உண்டா?

நியூசிலாந்தின் ஷீப்ஹெர்டர்ஸ். முள்கம்பி, ரத்தம் என்று பார்க்கவே பயமாக இருக்கும் ஜோடி. 1988 கடைசியில் டபிள்யூடபிள்யூஎஃப் (இன்றைய டபிள்யூடபிள்யூஇ) வந்ததும் புஷ்வாக்கர்ஸ். கையை வீசி வீசி நடப்பார்கள், குழந்தைகளின் தலையை நக்குவார்கள். அதே லூக், அதே புட்ச். இருவரும் 40-ஐத் தாண்டியிருந்தார்கள், உடம்புக்கும் கோமாளி வேஷம்தான் நல்லது. பழைய ரசிகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். நான் முதலில் பார்த்தது கோமாளிகளைத்தான், அதனால் பழைய படங்களைப் பார்த்தபோது ஆடிப்போய்விட்டேன்.

கேள்வி: மேனேஜர் அவசியமா?

இருவரும் மைக்கில் திணறினால் அவசியம். மிட்நைட் எக்ஸ்பிரஸுக்கு ஜிம் கார்னெட் டென்னிஸ் மட்டையோடு வந்து வாயாலேயே பாதி மேட்ச் ஆடுவார். கூட்டத்தின் வெறுப்பு முழுவதையும் அவர் வாங்கிக்கொண்டதால், மற்ற இருவரும் நிம்மதியாக மல்யுத்தத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

கேள்வி: எல்லாமே எழுதி வைத்த நாடகம்தானே, இதற்கு ஏன் இவ்வளவு ஆராய்ச்சி?

ஜெயிப்பது யார் என்பது முன்பே முடிவானது. 1989-இல் நியூ ஜெர்சியில் டபிள்யூடபிள்யூஎஃப் கம்பெனியே சட்டமன்றம்வரை போய், இது பொழுதுபோக்குதான் என்று சொல்லிவிட்டது. கூட்டம் யாரைப் பார்த்துக் கத்தும் என்பதை மட்டும் இன்றுவரை யாராலும் எழுதி வைக்க முடியவில்லை. நான் பார்ப்பது அதற்காக.

கேள்வி: பெரிய கோஷ்டியில் ஒவ்வொருவருக்கும் தனி கேரக்டர் எப்படிக் கொடுக்கிறார்கள்? ப்ளட்லைன் பற்றிச் சொல்லுங்கள் அண்ணா, அதிலும் சாமி ஜேன்.

இதைத்தான் எதிர்பார்த்தேன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ரோமன் ரெய்ன்ஸை நாயகனாக்க வருடக்கணக்கில் முயன்றும் கூட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. 2020 ஆகஸ்டில் வில்லனாகத் திரும்பினார், பக்கத்தில் பால் ஹேமன். ஆனால் வெறும் வில்லன் இல்லை, குடும்பத் தலைவன். ஊசோ சகோதரர்கள் அவருக்கு நிஜத்திலும் சொந்தக்காரர்கள். அந்த அக்டோபரில் ஜே ஊசோவோடு 'ஐ க்விட்' மேட்ச், அதாவது ஒருவர் வாய்விட்டுப் பணியும்வரை நடக்கும் மேட்ச். ஜே எவ்வளவு அடித்தும் பணியவில்லை. ரோமன் ஜேயின் சகோதரன் ஜிம்மியின் கழுத்தை நெரித்தபோது, அண்ணன் தம்பி பாசத்தில் ஜே பணிந்தார். கோஷ்டியின் அடித்தளம் அங்கே விழுந்தது. ஜே விரும்பிச் சேரவில்லை, சேர்க்கப்பட்டார். அப்புறம் ஒவ்வொருவரையும் 'தலைவரிடம் இவன் எப்படி நடந்துகொள்கிறான்' என்ற ஒற்றைக் கேள்வியை வைத்தே பிரித்துக் காட்டினார்கள். ஹேமன் குழைவார். ஜே உள்ளுக்குள் புகைவார். சோலோ சிகோவா பேசாமல் செய்து முடிப்பார்.

சாமி ஜேன் ரத்த உறவே இல்லாதவர். 2022-இல் ஒட்டிக்கொண்டார், சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினார். ஒரு நாள் ரோமன் அவர் போட்டிருந்த ப்ளட்லைன் சட்டையைக் கழற்றச் சொல்லி உறுமினார். சாமியின் முகம் செத்துப்போனது. உடனே வேறொரு சட்டையை நீட்டினார்கள், அதில் சாமி கௌரவ உறுப்பினர் என்று எழுதியிருந்தது. அரங்கம் அதிர்ந்தது. அவரை நம்பாத ஜே, நவம்பரில் கட்டிப்பிடித்தார். 2023 ஜனவரியில் ராயல் ரம்பிள் நிகழ்ச்சியின் முடிவில், சாமியின் பழைய நண்பன் கெவின் ஓவென்ஸை நாற்காலியால் அடிக்கச் சொல்லி ரோமன் கட்டளையிட்டபோது, சாமி ரோமனை அடித்தார். மற்றவர்கள் சாமியை மொத்தினார்கள். ஜே மட்டும் தொடாமல் இறங்கிப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டரை வருடம் கட்டிய கேரக்டர் அந்த நடையில் இருந்தது.

கேள்வி: ஷீல்டைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? ஓரவஞ்சனை!

ஒத்துக்கொள்கிறேன். 2012 நவம்பரில் மூவர் கோஷ்டியாக வந்தார்கள், கறுப்புக் கவசம், கூட்டத்துக்கு நடுவிலிருந்து நுழைவு. ஆம்ப்ரோஸ் பேச்சு, ராலின்ஸ் வேகம், ரெய்ன்ஸ் பலம். வேலைப் பிரிவினை அவ்வளவு துல்லியம். 2014 ஜூனில் ராலின்ஸ் தன் கூட்டாளிகள் மீதே நாற்காலியைத் தூக்கியபோது மூவருமே தனியாக நிற்கத் தயாராக இருந்தார்கள். 2016 மணி இன் த பேங்க் நிகழ்ச்சியன்று ஒரே இரவில் மூவர் கையிலும் அதே பட்டம் மாறிமாறி இருந்தது. பிரியும்போது ஒருவர் மட்டும் பிழைப்பதுதான் வழக்கம். 1992-இல் ராக்கர்ஸ் ஜோடி பிரிந்த பிறகு ஷான் மைக்கேல்ஸ் எங்கே போனார், மார்ட்டி ஜெனட்டி எங்கே நின்றார் என்று பாருங்கள்.

கேள்வி: நானும் நண்பனும் பயிற்சிப் பள்ளியில் இருக்கிறோம், டீமாக இறங்கப் போகிறோம். முகச்சாயம் போடலாமா என்று யோசிக்கிறோம். என்ன சொல்கிறீர்கள் அண்ணா?

தம்பி, சாயம் கடைசியில். முதலில் இருவரும் நிஜத்தில் எதற்குச் சண்டை போடுவீர்கள் என்று யோசியுங்கள். ஒருவன் நேரத்துக்கு வருவான், இன்னொருவன் தாமதமாக வருவான் என்றால் அதிலேயே ஒரு டீம் இருக்கிறது. உங்கள் மேட்சை வீடியோ எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். யார் யார் என்று தெரியாத ஒருவரிடம் காட்டி, இவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்ல முடியாமல் விழித்தால் இன்னும் வேலை இருக்கிறது. கூட்டம் எதிர்பாராத இடத்தில் சிரித்தால் கோபப்படாதீர்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், மார்ட்டன் மாதிரி அடி வாங்கப்போவது யார் என்று இன்றைக்கே பேசிவிடுங்கள். இரண்டு பேருமே 'அவன்' என்றுதான் கை காட்டுவீர்கள்.